மறு பாதியில் இஞ்சி

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது ரம்யா என்றொரு பெண் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். போன மாதம் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் பெரிய செல்போன். அதில் அவளுடைய பிள்ளைகள் ஆடிய பாஸ்கெட்பால் ஆட்டம் முழுவதும் படமாக இருந்தது. ஓடவிட்டாள், நிறுத்தினாள், பின்னால் இழுத்தாள், மறுபடியும் ஓடவிட்டாள்.

"மாஷே, கூடையில போடறதுக்கு இவளுங்க கெட்டிக்காரிங்க. பந்து கையை விட்டுப் போனா அப்படியே நிக்கறாங்க. ஒருத்தி இன்னொருத்திக்கு உதவ மாட்டா. நீங்க டிஃபென்ஸ் எப்படிச் சொல்லிக் குடுத்தீங்க?"

தடுப்பாட்டம் கற்றுக்கொடுப்பதில் நான் பெரிய ஆள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த யாரோ நானாகத்தான் இருக்க வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மைக் கையில் கிடைத்ததும் என்னென்னவோ பேசினேன். கழுத்தில் விழுந்த மாலையின் கனம் அப்படிப் பேச வைத்துவிட்டது. எழுதித் தருகிறேன் அம்மா என்று அவளை அனுப்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் உண்மைதான் வருகிறது.

என் தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவாகச் சொல்லும் அளவுக்கு அவை இல்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கொச்சி நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவரின் மகன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. விளையாட்டு ஆசிரியர் பயிற்சியைத் தமிழ்நாட்டில் முடித்தேன். கபடி சுமாராக வரும். பாஸ்கெட்பாலைப் பொறுத்தவரை, பந்து ஒருமுறை என் மூக்கில் பட்டது, அவ்வளவுதான் பழக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வேலை கொடுத்த பெண்கள் பள்ளியிலோ கபடி கிடையாது, பாஸ்கெட்பால் கோர்ட் மட்டும் உண்டு. விதிப் புத்தகம் ஒன்று வாங்கி மனப்பாடம் செய்தேன். பிள்ளைகள் என்னை மணி மாஷ் என்று, அதாவது மணி வாத்தியார் என்று, கூப்பிட்டார்கள். உயரமான பிள்ளைகள் என் தலைக்கு மேலேயே பந்தைப் பாஸ் செய்தார்கள். நடுவில் நான் நிற்பது அவர்களுக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்ததில்லை.

கோர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல சிமென்ட் கோர்ட். ஆனால் குளிர்காலம் முடிந்து மழை தொடங்கும்வரை அதில் பாதிதான் எங்களுக்கு. மறு பாதியில் பக்கத்துக் கிடங்கின் இஞ்சி காயும். பள்ளி நிர்வாகம் பல வருஷங்களாக இஞ்சி வியாபாரிக்கு அந்தப் பாதியை விட்டுக் கொடுத்திருந்தது. மலையிலிருந்து வரும் இஞ்சியைச் சுண்ணாம்பில் தோய்த்து வெயிலில் பரப்புவார்கள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்ட பெண்கள் காலால் அளைந்து அளைந்து அதைப் புரட்டிப் போடுவார்கள். வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி ஹம்சா இக்கா குடையை விரித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எங்கள் கோர்ட்டுக்குக் கோடு போடுகிற சுண்ணாம்புகூட அவர் தருவதுதான். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: இஞ்சியை யாரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் நாற்காலியிலிருந்தே ஒரு சத்தம் போடுவார். பந்தே பயந்து திரும்பிவிடும்.

ஆகவே நாங்கள் ஒரே கூடையில், மூவருக்கு மூவர் என்று ஆடினோம். ஒரு பக்கத்தார் கையிலிருந்து பந்து போனால், கிடைத்தவர்கள் அதை நடுக்கோடுவரை கொண்டுபோய்த் தொட்டுவிட்டு வந்து மறுபடி அதே கூடையைத் தாக்க வேண்டும். அதுவரை பறிகொடுத்தவர்கள் இடுப்பில் கை வைத்து நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அருமையான ஏற்பாடு. அதன் அருமை எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் அணி அமைந்தது. டெய்சி, போர்ட் கொச்சியில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண், பனைமரம் மாதிரி வளர்த்தி. ஷாஹினா, குட்டை, கையும் வாயும் ஒரே வேகம். இன்னும் இருவர். பிறகு செல்வி, தமிழ்ப் பெண், பத்தாம் வகுப்பு. செல்வி பந்தை எறிவதைப் பார்க்க, ரிட்டயராகப் போகிற கணக்கு வாத்தியார்கூட ஜன்னலோரம் வந்து நிற்பார். கூடையைப் பார்ப்பாள், கை உயரும், வலை லேசாக அசையும். வளையத்தில் பட்ட சத்தமே கேட்காது.

செல்விக்கு அந்த வருஷம் ஒரு வழி திறந்திருந்தது. தெற்கே ஓர் ஊரில் இருந்த விளையாட்டு விடுதியில் பதினொன்றாம் வகுப்பிலிருந்து படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். ஆள் எடுக்க வருகிறவர் குரியன் சார், பழைய போலீஸ் அணி ஆட்டக்காரர், விசில் வாயிலிருந்து இறங்கவே இறங்காது. செல்வியின் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். விடுதி கிடைக்காவிட்டால் பத்தாவதோடு அவள் படிப்பு நின்றுவிடும். இது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.  

எர்ணாகுளத்தில் ஒரு கிளப் நடத்திய போட்டியில் குரியன் சார் எங்களைப் பார்க்க வந்தார். ஆட்டம் தொடங்கியதும் செல்வி வரிசையாகப் போட்டாள். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பிறகு எதிரணி விழித்துக்கொண்டது. எங்கள் கையிலிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு அவர்கள் மறுபக்கம் ஓடினார்கள். எங்கள் ஐந்து பேரும் அவர்கள் பின்னாலேயே ஓடி வந்து, நடுக்கோட்டில் கார் பிரேக் போட்டது போல நின்றார்கள். டெய்சி காலை ஒருமுறை தூக்கிவிட்டுப் பின்னால் வைத்தாள். ஷாஹினா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். எதிரணிப் பெண் தனியாகப் போய், நிதானமாக, பின்னலைச் சரிசெய்துகொண்டு கூடையில் போட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த ஒருவன் கத்தினான்: "எந்தாடீ, அவிடெ குழி தோண்டி வெச்சிட்டுண்டோ?"

அரங்கமே சிரித்தது. நடுவர் என் பக்கம் வந்து, "மாஷே, உங்க பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் போக விசா வேணுமா?" என்று கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். சிரிக்கும்போதே எனக்கு விளங்கியது. அங்கே குழி இல்லை, இஞ்சி இருந்தது. கோர்ட்டில் இல்லை, அவர்கள் காலில். இரண்டு பருவமாக, கோட்டைத் தாண்டாதே, மிதிக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்த ஒன்றை மட்டும் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள்! என் வாழ்நாளில் என் பாடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்தது வேறெங்கும் இல்லை.

குரியன் சார் போகும்போது விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "மணி, பதினொண்ணாம் நம்பர் குட்டி நல்லாப் போடறா. போடறதுக்கு எனக்கு ஆள் ஏராளம். பந்து போனா திரும்பி ஓடற ஆள்தான் வேணும். அடுத்தது, அது டீம் இல்ல, அஞ்சு பேர். ஒருத்திக்கு ஒருத்தி பாஸ் குடுக்கறதே இல்ல. இந்த மாசக் கடைசியில ஜில்லா போட்டிக்கு வருவேன். இன்னும் ஒரு தடவை பார்ப்பேன். ஒரே ஒரு தடவை."

மறுநாள் தலைமையாசிரியை அறையில் ஆஜரானேன். சாராம்மா டீச்சர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அவருடைய முறை வேறு. பேனாவில் மை நிரப்பிக்கொண்டே, தலை நிமிராமல், "எந்நிட்டு?" என்பார். அப்புறம் என்று அர்த்தம். நீங்கள் ஒரு வாக்கியம் சொல்வீர்கள். "எந்நிட்டு?" இன்னொன்று சொல்வீர்கள். "எந்நிட்டு?" சொல்ல வந்ததெல்லாம் தீர்ந்து, சொல்லக்கூடாததெல்லாம் வெளியே வந்து, கடைசியில் உங்கள் மாமியாரோடு வந்த சண்டைவரை சொல்லி முடித்த பிறகுதான் பேனாவை மூடுவார். நான் அந்த அறைக்குள் போய் ஒரு ரகசியத்தோடு திரும்பியது கிடையாது. அன்றும் இஞ்சிக் கதையைச் சொன்னேன். அவர் ஹம்சா இக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவரிடமும் அதே கேள்விதான். இக்கா குடையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, தானாகவே ஒத்துக்கொண்டு வெளியே வந்தார்: சாயங்காலம் இஞ்சியை அள்ளிக் குவிக்கும்போது கோர்ட்டின் நடுவில் குவிக்காமல் ஓரத்தில் குவித்துத் தார்ப்பாய் போடுவது, காலையில் வெயில் ஏறி மறுபடி பரப்பும்வரை முழுக் கோர்ட்டும் எங்களுக்கு.

அதிகாலைப் பயிற்சி தொடங்கியது. தென்னந்துடைப்பத்தால் பெருக்குவோம், சுண்ணாம்பால் கோடு போடுவோம். கயிறு ஒன்று வாங்கி, ஐந்து பேரின் இடுப்பிலும் சுற்றி, சேர்ந்து நகரப் பழக்கினேன். ஷாஹினா இடப்பக்கம் இழுக்க, டெய்சி வலப்பக்கம் இழுக்க, நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்த நான் கீழே விழுந்தேன். பிறகு கயிறு என் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன். மெல்ல மெல்ல டெய்சி கோட்டைத் தாண்டினாள். ஷாஹினாவும் தாண்டினாள். மற்ற இருவரும் தாண்டினார்கள்.

செல்வி தாண்டவில்லை.

பந்து போனதும் திரும்புவாள், ஓடுவாள், நடுக்கோட்டில் நின்றுவிடுவாள். முகத்தை மட்டும், நாங்கள் தாக்கும் கூடையின் பக்கமே வைத்துக்கொள்வாள். "இஞ்சி இல்ல பாரு மோளே" என்று மறு பாதியில் நான் படுத்து உருண்டு காட்டினேன். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வேறு சில கோபங்களும் இருந்தன. இஞ்சிப் பக்கம் உருண்டு போகும் பந்தை, எறிந்தவர்தான் போய் எடுக்க வேண்டும் என்பது என் சட்டம். செல்வி எறிந்த பந்தையும் டெய்சியே ஓடிப் போய் எடுத்து வந்தாள். ராணி மாதிரி நிற்கிறாளே என்று நினைத்தேன். நடுக்கோட்டின் பக்கம் செல்வி நின்றால் ஒருத்தியும் அவளுக்குப் பாஸ் கொடுப்பதில்லை. பொறாமை என்று நினைத்தேன். குரியன் சார் சொன்னதும் இதைத்தானே? ஒற்றுமையைப் பற்றி நீளமாகப் பேசினேன். ஐந்து விரல், ஒரு கை என்றெல்லாம் சொன்னேன். ஷாஹினா கொட்டாவி விட்டாள்.

காலையில் இஞ்சிப் பெண்கள் சீக்கிரமே வந்து தார்ப்பாய்க் குவியலோரம் உட்கார்ந்து வெயிலுக்குக் காத்திருப்பார்கள். ஒரு நாள் அலுத்துப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதில் ஒருத்தி துணிக்குள்ளிருந்து தமிழில் ஏதோ சொன்னாள். தமிழ் கேட்டதும் எனக்கு வாய் ஊறிவிடும்.

"எந்த ஊரு அக்கா?"

"தென்காசிப் பக்கம் சார்."

"நம்ம பக்கந்தான். அந்தா பாருங்க, அந்தப் பதினொண்ணாம் நம்பர் கழுதையை. கை தங்கம். காலுக்குத்தான் என்ன கேடோ தெரியல. பாதி கோர்ட்டுதான் ஓடும். அதுக்கு மேல ஓடினா அவங்க அப்பன் வீட்டுச் சொத்து கரைஞ்சிடும்னு நிக்குது. உங்களுக்கு ஒரு மக இருந்து, அவ இப்படி நின்னா என்ன செய்வீங்க?"

அந்த அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு முகத்துத் துணியை மூக்குவரை இறக்கினாள். செல்வியின் கண், செல்வியின் மூக்கு.

"அது எம் மவதான் சார்."

பூமி பிளக்கவில்லை. நல்ல சிமென்ட் கோர்ட் என்று முன்பே சொன்னேனே.

பெயர் பேச்சியம்மாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நா இங்க இருக்கது அவளுக்குப் பிடிக்காது சார். மத்த பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா கேலி செய்வாகன்னு பயம். அதான் நா மொகத்தத் தொறக்கதே இல்ல. தூசிக்குன்னு சொல்லிக்கிடுவேன். அவளும் இந்தப் பக்கம் பாக்க மாட்டா, நானும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதீக. அந்த ஆஸ்டலு மட்டும் கிடைச்சிட்டாப் போதும். இந்தச் சுண்ணாம்புல அவ காலு படக்கூடாது சார்."

அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று. ரகசியம் காப்பது எனக்குக் கபடியைவிடக் கடினம். வாயைத் திறந்தாலே "செல்வி" என்று வந்துவிடுமோ என்று விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டேன், குரியன் சார் மாதிரி. இரண்டு நாள் போனதும் தாங்கவில்லை. டெய்சியையும் ஷாஹினாவையும் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பத் தந்திரமாக ஆரம்பித்தேன்.

"ஏன்டீ, அந்த இஞ்சிக்காரங்கள்ல யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

ஷாஹினா டெய்சியைப் பார்த்தாள். டெய்சி வானத்தைப் பார்த்தாள்.

"மாஷே," என்றாள் ஷாஹினா, "செல்வியோட அம்மையைப் பத்திக் கேக்கறீங்களா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"போன வருஷமே தெரியும். டெய்சி பந்து எடுக்கப் போனப்போ அந்தச் சேச்சி கேட்டாங்களாம், செல்விக்குக் கால்ல அடி பட்டுச்சே, இப்ப எப்படி இருக்குன்னு. எங்களுக்குத் தெரியும்கிறது அவளுக்குத் தெரியாம இருக்கணும்னு நாங்க பேசி வெச்சுக்கிட்டோம். அதான் அவளை அந்தப் பக்கம் போக விடறதில்ல."

"பாஸும் அந்தப் பக்கம் குடுக்கறதில்ல," என்றாள் டெய்சி. "கைதவறினா அவ போகணுமில்லே? அம்மையோட காலடியில போய் பந்தை எடுக்கணுமில்லே?"

 ஒற்றுமை இல்லாத அணி! ஐந்து விரல், ஒரு கை என்று நான் அலறிக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளைகள் ஒரு வருஷமாக, ஒரு சொல் வெளியே விடாமல், ஒருத்தியைச் சுற்றி வேலி கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். தடுப்பாட்டம் அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. எங்கே தடுக்க வேண்டும் என்பதில்தான் என்னோடு அபிப்பிராய பேதம்.

"இதைச் சொல்லிக் கெடுத்திராதீங்க மாஷே," என்று ஷாஹினா கையெடுத்துக் கும்பிட்டாள். "உங்க வாயை எங்களுக்குத் தெரியும்."

ஜில்லா போட்டிக்கு முந்தைய நாள் சாராம்மா டீச்சர் கூப்பிட்டார். பெண்பிள்ளைகளை வெளியே அழைத்துப்போனால் கூட ஒரு பெண் போக வேண்டும். அது பள்ளியின் கண்டிப்பான வழக்கம். வழக்கமாக வருகிற லில்லி டீச்சர் பிரசவ லீவில் இருந்தார்.

"வேறு டீச்சர் யாரும் இல்லையா?" என்றேன்.

"பரீட்சை நேரம். மணியும் பிள்ளைகளும் மட்டும் போக முடியாது." பேனாவில் மை இறங்கியது. "பயிற்சி எல்லாம் எப்படிப் போகுது?"

"பரவாயில்லை டீச்சர்."

"எந்நிட்டு?"

நான் பல்லைக் கடித்தேன். முழங்காலைக் கிள்ளிக்கொண்டேன். மூன்றாவது "எந்நிட்டு"வில் பேச்சியம்மாள் வெளியே வந்தாள். நான்காவதில் முகத்துத் துணி. அதற்கப்புறம் டெய்சி, ஷாஹினா, வேலி, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, "டீச்சர், இது யாருக்கும் தெரியாது" என்றேன்.

"செல்வியைப் பள்ளியில சேர்க்க வந்தது யாரு மணி?" என்றார். "அந்த அம்மை. இந்த நாற்காலிக்கு முன்னாலதான் நின்னாங்க. உட்காரச் சொன்னேன், சேலையில சுண்ணாம்புன்னு உட்காரலை." பேனாவை மூடினார். "சரி. நாளைக்குப் பிள்ளைகளோட அவங்க வரட்டும். ஹம்சாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"டீச்சர்! வேண்டாம்! அந்தக் குட்டி உடைஞ்சு போயிடும். ஆட்டமே போயிடும். ஹாஸ்டல் போயிடும். ஒரே ஒரு தடவைதான் பார்ப்பேன்னு குரியன் சார்..."

"வேற ஸ்திரீ இல்ல மணி," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நான் நின்ற நிலையைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். செல்வி வந்தாள். பிறகு பேச்சியம்மாள் வந்தாள். நீலச் சேலை, தலையில் பூ, முகத்தில் துணி இல்லை. செல்வியிடம் அவளும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. செல்வி பார்த்தாள், பையை மார்போடு அணைத்துக்கொண்டு படகின் அந்தக் கோடிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்து நின்றாள்.

படகு கிளம்பியது.  எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அன்று பேசவும் தெரியவில்லை. கடைசியில் டெய்சிதான் நிலைமையைக் காப்பாற்ற முன்வந்தாள். கண்ணை அகல விரித்து, கையைக் கன்னத்தில் வைத்து, "அய்யோ! இதாரு? செல்வியோட அம்மையா? நமக்குத் தெரியவே தெரியாதே!" என்றாள். பள்ளி நாடகத்தில் மரமாக நிற்கக்கூட அவளைச் சேர்க்க மாட்டார்கள். அப்படி ஒரு நடிப்பு.

"ஆமா, இப்பத்தான் முதல் தடவை பாக்கறோம்!" என்றாள் ஷாஹினா, இன்னும் மோசமாக.

செல்வி திரும்பினாள். "டெய்சி, நடிக்காதே."

டெய்சியின் கை கன்னத்திலிருந்து இறங்கியது. செல்வி விடவில்லை.

"ஒவ்வொரு தடவையும் நீயே ஓடிப் போய் பந்தை எடுத்துட்டு வர்றது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா?"

"தெரியுமா?" என்றாள் டெய்சி. "அப்ப ஏன்டீ ஒரு வருஷமா என்னை ஓட விட்டே? என் முட்டி போச்சு!"

"நீங்க எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

பேச்சியம்மாள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "அவல் இருக்கு, தின்னுங்க" என்றாள். ஷாஹினா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். செல்வி வரவில்லை. படகின் அந்தக் கோடியிலேயே நின்றாள். கொச்சியில் இத்தனை நாளும் இது தெரியாதவன் நான் ஒருவன் மட்டும்தான் என்பது எனக்கு அப்போது தெளிவாயிற்று.

ஜில்லா போட்டி. குரியன் சார் எதிர்ப்பக்கம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முதல் பாதியில் நாங்கள் தடுக்க வேண்டிய கூடை எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது. பெஞ்சில் பேச்சியம்மாள் இருந்தாள். அதாவது, செல்வி திரும்பி ஓடினால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஓட வேண்டும். முதல் முறை பந்து போயிற்று. நான்கு பேர் ஓடி வந்தார்கள். செல்வி நடுக்கோட்டில் நின்றாள். இரண்டாம் முறையும் நின்றாள். குரியன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.  பேச்சியம்மாள் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, வாயைத் திறந்து, சத்தம் வராமல் உட்கார்ந்தாள். மகளின் பெயரை நாலு பேர் முன்னால் கூப்பிட்டுப் பழக்கமில்லை அவளுக்கு.

மூன்றாம் முறை. ஷாஹினா ஓடிக்கொண்டே திரும்பி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "எடீ செல்வீ! உன்னோட அம்ம இங்கே இருக்கா, தின்ன மாட்டா! ஓடி வாடீ, மரமே!"

செல்வியின் முகம் சிவந்துபோனது. அடுத்த நொடி ஓடி வந்தாள். பாசத்தால் ஓடி வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. ஷாஹினாவை அறைவதற்காக ஓடி வந்தாள். அந்தக் கண்ணை நான் பார்த்தேன். நடுவில் பந்தோடு போய்க்கொண்டிருந்த எதிரணிப் பெண் வழியை மறித்தாள். செல்வி அவள் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பிடுங்கினாள். பிடுங்கியது பந்து என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்திருக்கும். டெய்சி மறுபக்கம் ஓடினாள். செல்வி எறிந்தாள். டெய்சி போட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஷாஹினா ஏதாவது ஒரு வசவு வைத்திருந்தாள். செல்வியும் ஒவ்வொரு முறையும் திரும்பி ஓடி வந்தாள்.

இடைவேளையில் எனக்குப் புதிய பயம் பிடித்தது. இரண்டாம் பாதியில் பக்கம் மாறும். இனி தடுக்க வேண்டிய கூடை அந்தக் கோடியில். பேச்சியம்மாளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் என்ன? தண்ணீர்ப் பானையை அவள் கையில் கொடுத்து, "வாங்க அக்கா, இப்படி" என்று கோர்ட்டோரமாக நடத்திக் கூட்டிப்போனேன். நடுவர் விசில் ஊதினார். "மாஷே, ஆளைக் கூட்டிட்டு எங்கே போறீங்க? பெஞ்சு அங்கே!" அரங்கம் மறுபடி சிரித்தது. பானையும் நானும் பேச்சியம்மாளும் திரும்பி வந்தோம்.

வீணான அலைச்சல். இரண்டாம் பாதியில் செல்வி அம்மாவுக்கு முதுகு காட்டிக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினாள். பந்து போனால் ஓடினாள், ஒருத்தி தவறவிட்டால் அவளுக்குப் பதிலாகப் போய் நின்றாள், விழுந்தாள், எழுந்தாள். ஷாஹினா திட்ட மறந்துவிட்டாள். மூச்சு வாங்கவே நேரமில்லை. கடைசியில் நாங்கள் தோற்றோம். கொஞ்சமாகத்தான். கடைசி நேரத்தில் செல்வி மறித்து நின்ற பெண்ணே அவள் தலைக்கு மேலாகப் போட்டுவிட்டாள். நல்ல எறி. செல்வி கீழே விழுந்து கிடந்தபடி அதைப் பார்த்தாள்.

குரியன் சாரின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்று தெரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக ஒரு காலி நாற்காலியை நான் பார்த்ததில்லை.

சாயா குடிக்கப் போயிருந்தாராம். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே எங்கள் பெஞ்சுக்கு வந்தார். சுற்றிலும் இரண்டு அணிப் பிள்ளைகள், பிற பள்ளி ஆசிரியர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். குரியன் சார் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"பதினொண்ணாம் நம்பர், இங்கே வா. பேரென்ன?"

"செல்வி."

"விடுதிக்கு வரணும்னா வீட்டுல சம்மதிக்கணும். யாராவது வந்திருக்காங்களா?"

நான் வாயைத் திறந்தேன். டெய்சி என் காலை மிதித்தாள். அவள் கால் பெரியது. பேச்சியம்மாள் பெஞ்சில் நகர்ந்து, என் பின்னால் மறைந்துகொள்ளப் பார்த்தாள். நான் மறைக்கிற அளவுக்கு ஆள் இல்லை.

"இது என் அம்மா," என்றாள் செல்வி.

"அம்மைக்கு எந்தா ஜோலி?"

பேச்சியம்மாளின் கை சேலை நுனியைத் தேடி முகத்துக்குப் போனது. செல்வி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இஞ்சி காய வைக்கறாங்க," என்றாள். குரியன் சாருக்குச் சமமான சத்தத்தில். "எங்க கோர்ட்லதான். பாதியில அவங்க, பாதியில நாங்க."

குரியன் சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் ஏதோ விளங்கியிருக்க வேண்டும். "ஜூன் மாசம் அனுப்புங்க," என்றார். "ஓட்டம் இன்னும் பழகணும்."

திரும்பும்போது படகில் பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைகள் மறு கோடியில் அவலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.  குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், அந்த ஊருல கோர்ட்டு முழுசா இருக்குமா?"

"முழுசாத்தான் இருக்கும் அக்கா," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நான் அந்த விடுதியைப் பார்த்ததே இல்லை. மலைப்பக்கத்து ஊர். அங்கே என்ன காய வைக்கிறார்களோ, மிளகோ, ரப்பரோ, யாருக்குத் தெரியும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். விடுதிக் காவலாளி உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன்.

முழுசாக இருந்தது. இரண்டு பக்கமும் கூடை. நடுவில் வெறும் ஒரு கோடு.

சாயங்கால பஸ்ஸில் கொச்சிக்குத் திரும்பி, நேராகப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.